அப்டேட் போட்டதும் 'எப்' பட்டன்கள் மக்கர் பண்ணுதா? கீபோர்டை மாற்றும் முன் இதை பாருங்க!

தஞ்சாவூர்,

நெல் மூட்டையோடு லாரி வாசலில் நிற்கிறது. அரிசி ஆலை ஆபீசில் கணக்கு எழுதுபவர் 'டேலி'யில் பணம் கொடுத்த கணக்கை பதிய எப்-5 பட்டனை தட்டுகிறார். கணக்கு பக்கம் வரவில்லை. லேப்-டாப் திரைதான் மங்குகிறது. விற்பனை பதிய எப்-8 தட்டினால் 'வைபை' கட்டாகிறது. நேற்று வரை நல்லாத்தான் இருந்தது. ராத்திரி விண்டோஸ் அப்டேட் ஆனது, காலையில் இந்த கூத்து!

தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி பக்கம் அரிசி ஆலை, உரக்கடை என்று டேலியில் கணக்கு பார்க்கும் இடங்களில் 'எப்' பட்டன் இல்லாவிட்டால் கை ஒடிந்த மாதிரிதான். எப்-5 பணம் கொடுத்தது, எப்-6 பணம் வந்தது, எப்-8 விற்பனை, எப்-9 கொள்முதல். எல்லாமே அந்த மேல் வரிசைதான்.

உடனே "கீபோர்டு போச்சு, மாத்தணும்" என்று சர்வீஸ் கடைக்கு ஓட வேண்டாம். பல நேரம் கீபோர்டு நன்றாகவே இருக்கும்.

காரணம் என்ன?

லேப்-டாப்பில் ஒவ்வொரு 'எப்' பட்டனுக்கும் இரட்டை வேலை. ஒன்று, எப்-5, எப்-8 என்ற அசல் வேலை. இன்னொன்று சத்தம், வெளிச்சம், வைபை போன்றவை. இரண்டில் எது முதலில் என்பதை முடிவு செய்வது கீழ் வரிசையில் உள்ள 'எப்என்' பட்டனும், லேப்-டாப்பின் அடிப்படை செட்டிங்கான 'பயாஸ்'சும்தான். அப்டேட்டோடு பயாசுக்கும் புது பதிப்பு வந்தால், சில நேரம் செட்டிங் பழையபடி கம்பெனி வைத்த நிலைக்கே போய்விடும்.

2025 அக்டோபர் 14-ந்தேதியுடன் விண்டோஸ்-10க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. அதை ஒட்டி விண்டோஸ்-11க்கு மாறியவர்களுக்கும் இந்த தொல்லை வரலாம்.

முதலில் செய்ய வேண்டியது

எப்என் பட்டனை அழுத்திக்கொண்டே எப்-5 தட்டுங்கள். டேலியில் பக்கம் வந்துவிட்டதா? அப்படியானால் பட்டன் நல்லா இருக்கு, முறைதான் மாறியிருக்கிறது. லெனோவா, டெல் மாடல்கள் பலவற்றில் எப்என்-னும் 'எஸ்கேப்' பட்டனும் சேர்த்து ஒரு முறை தட்டினால் பழையபடி ஆகிவிடும். ஒரு பைசா செலவில்லை.

எச்.பி. என்றால், பல மாடல்களில் ஆன் செய்தவுடன் எப்-10-ஐ விட்டுவிட்டு தட்டி பயாசுக்குள் போக வேண்டும். 'சிஸ்டம் கான்பிகரேஷன்' பகுதியில் 'ஆக்ஷன் கீஸ் மோடு' என்று இருக்கும். அதை 'டிசேபிள்' செய்து சேமித்தால் போதும். ஏசரில் எப்-2 வழியாக பயாசுக்குள் போகலாம். புது மாடல்களில் இதே மாதிரி செட்டிங் அங்கே இருக்கும். தெரியாத வேறு எதிலும் கை வைக்காதீங்க, அப்புறம் விண்டோசே திறக்காமல் போகலாம்.

சத்தமும் வெளிச்சமும் வேலை செய்யாவிட்டால்

இது வேறு சிக்கல். அந்த வேலைகளில் பலவற்றுக்கு கம்பெனி தரும் 'ஹாட் கீ டிரைவர்' என்ற சாப்ட்வேர் வேண்டும். அப்டேட்டில் அது காணாமல் போயிருக்கலாம். லேப்-டாப்பின் அடிப்பக்கம் உள்ள மாடல் எண்ணை பார்த்து, அந்த கம்பெனியின் சொந்த இணையதளத்தில் மட்டும் டவுன்லோடு செய்யுங்கள். "இலவச டிரைவர்" என்று கூவும் விளம்பரங்களை தொட்டால் வைரஸ் வந்து கணக்கே போய்விடும்.

எதற்கும் மசியவில்லையா? விண்டோஸ் செட்டிங்சில் 'அப்டேட் ஹிஸ்டரி' பகுதிக்கு போய் கடைசி அப்டேட்டை நீக்கி பார்க்கலாம். விண்டோஸ்-11க்கு மாறி 10 நாளுக்குள் என்றால் 'ரெக்கவரி' பகுதியில் 'கோ பேக்' கொடுத்து பழையதற்கே திரும்பலாம். அதற்கு முன் டேலி கணக்கை பென் டிரைவில் காப்பி எடுத்து வைப்பது அவசியம்.

இலவச லேப்-டாப்பில் ஒரு வசதி

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு வழங்கிய லேப்-டாப்களில் விண்டோசுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இந்திய தயாரிப்பும் போட்டு தந்தார்கள். பலர் அதை திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்! அது இன்னும் அழியாமல் இருந்தால் அதில் போய் 'எப்' பட்டன்களை தட்டி பாருங்கள். அங்கே வேலை செய்தால் கோளாறு விண்டோசில்தான்.

பாஸ் இல்லாதவர்கள், பயாசுக்குள் போக தட்டும் எப்-2 அல்லது எப்-10 வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். அப்போது விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. எனவே, அந்த பட்டன் நல்ல நிலையில் இருப்பது உறுதி.

டீ கொட்டியோ, எலி கடித்தோ கெட்டிருந்தால் மட்டுமே கீபோர்டை மாற்ற வேண்டி வரும். லாரி நிற்கும் அவசரத்துக்கு, பக்கத்து கம்ப்யூட்டரில் உள்ள யு.எஸ்.பி. கீபோர்டை பிடுங்கி லேப்-டாப்பில் சொருகுங்கள். சாதாரண கீபோர்டில் எப்என் பட்டனே கிடையாது, எப்-5 தட்டினால் எப்-5 தான்.