எலி ஏறாத தீவு

செஷல்ஸ் நாட்டின் கஸின் தீவு முப்பது ஹெக்டேர்கூடத் தேறாது. நடுக்கடல் தீவுகள் பெரும்பாலும் எரிமலையாலோ பவளத்தாலோ உருவானவை. கஸின் தீவோ கிரானைட் பாறை. சுமார் 75 கோடி ஆண்டு வயதுள்ள இந்தக் கண்டத் துணுக்கு, ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இந்திய நிலத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இங்கே முட்டையிடும் கடற்பறவைகளுக்குத் துணிச்சல் அதிகம். வெள்ளை ஆலா கூடே கட்டுவதில்லை; வெறுங்கிளையில் சிறு குழிவு பார்த்து ஒற்றை முட்டையை வைத்துவிடும். பொரிந்த குஞ்சு, வலுவான நகங்களால் கிளையை இறுகப் பற்றிக்கொண்டு காற்றைச் சமாளிக்கும். நீண்ட வெண்வால் கொண்ட இன்னொரு பறவை மரத்தடியில் தரையிலேயே அடைகாக்கும். வேறொன்று மண்ணில் வளை தோண்டிக்கொள்ளும். எலியும் பூனையும் இல்லாத ஊரில்தான் இப்படி வாழ முடியும்.

கடலில் பிடித்த மீனைப் பறவைகள் எச்சமாகத் தீவில் இறக்குகின்றன. அந்த உரத்தில் காடு செழிக்கிறது. சிந்திய மீனையும் உடைந்த முட்டையையும் தின்று அரணைகள் பெருகுகின்றன. காட்டின் முக்கிய மரம் பிசோனியா. நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் நச்சுக்கொட்டைக் கீரை மரத்துக்கு மிக நெருங்கிய உறவு. உதிர்ந்த அதன் இலைகளை எச்சத்தால் ஒட்டி, நாடி என்ற ஆலா வகை கூடு கட்டும். அதே மரத்தின் பிசுபிசுத்த விதைகள் இறகில் அப்பிக்கொண்டால் பறக்க முடியாமல் அந்தப் பறவையே சாவதும் உண்டு. உரமிட்டவருக்கு மரம் காட்டும் நன்றி அது!

ஒரு காலத்தில் இந்தத் தீவு தென்னந்தோப்பு. காடு அழிய, செஷல்ஸ் கதிர்க்குருவி என்ற சிறு பறவை உலகிலேயே முப்பதுக்கும் குறைவாகச் சுருங்கி, இந்த ஒரு தீவில் மட்டும் மிஞ்சியது. 1968இல் சர்வதேசப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு தீவை விலைக்கு வாங்கியது. தென்னையை ஒதுக்கிப் பழைய காட்டுக்கு வழிவிட்டார்கள். அதற்குமேல் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. குருவிகள் முந்நூறைத் தாண்டின. 1988 முதல் வேறு நான்கு தீவுகளிலும் அவற்றைக் குடியேற்றினார்கள். காப்பாற்ற நினைத்தது குருவியை. காடு திரும்பியதில் மரத்தில் கூடு கட்டும் கடற்பறவைகளுக்கும் இடம் கிடைத்தது.

பார்க்க விரும்புவோர் பக்கத்துப் பிராலின் தீவிலிருந்து படகேறலாம். ஆனால் அந்தப் படகு கஸின் கரையைத் தொட அனுமதியில்லை. தீவின் சொந்தப் படகு எதிரே வந்து ஏற்றிக்கொள்ளும். எலி ஒளிந்து வந்துவிடக் கூடாது என்பதற்காக. பயணிகள் இரவு தங்க இடமில்லை. அன்றே திரும்பிவிட வேண்டும்.