நபி (ஸல்) அவர்கள் இஸ்லாத்தின் ‘நிறுவனரா’?

‘கிறிஸ்தவத்தின் நிறுவனர் இயேசு, இஸ்லாத்தின் நிறுவனர் முகமது நபி’ என்று பொது அறிவுப் பாடத்தில் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். வீட்டுக்கு வந்து, “அத்தா, கிறிஸ்தவர்களுக்கு இயேசு எப்படியோ, நமக்கு நபி அப்படித்தானே?” என்று கேட்டால், “ஆமாம்” என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

அது சரியான பதில் அல்ல. நபி (ஸல்) அவர்கள் புதிதாக ஒரு மார்க்கத்தைத் தொடங்கியவர்கள் அல்லர். நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈஸா (அலை) ஆகியோர் சொன்ன அதே தவ்ஹீதைச் சொல்ல வந்த இறுதித் தூதர். பழைய நூல்களில் காணும் ‘முகமதியர்’ என்ற பெயர் நமக்குப் பொருந்தாததும் இதனால்தான்.

கிறிஸ்தவ நம்பிக்கையில் இயேசு செய்தி கொண்டு வந்தவர் மட்டுமல்ல. மனிதராகப் பிறந்த இறைவார்த்தையே அவர்தான். நமக்கோ இறைவாக்கு குர்ஆன். ஆகவே அங்கே இயேசு இருக்கும் இடத்துக்கு நேராக இங்கே இருப்பது குர்ஆன், நபிகளார் அல்லர். ஈஸா (அலை) அவர்களைக் குர்ஆனும் அல்லாஹ்வின் வார்த்தை என்கிறது (4:171). ஆனால் ‘ஆகுக’ என்ற கட்டளையால் தந்தையின்றிப் படைக்கப்பட்டவர் என்றே நாம் அதை விளங்குகிறோம்.

முன்மாதிரி என்று வரும்போது நம் மேடைகளில் ஒரு தவறு நடக்கிறது. நபி (ஸல்) அவர்கள் கணவராக, தந்தையாக, வியாபாரியாக, ஆட்சியாளராக வாழ்ந்து காட்டினார்கள். அழகிய முன்மாதிரி என்று குர்ஆன் சொல்கிறது (33:21). இதைச் சொன்ன கையோடு, “இயேசுவோ மணம் முடிக்கவில்லை, ஆளவில்லை” என்று சிலர் குறை பேசுகிறார்கள். யாரைக் குறை சொல்கிறோம்? நாம் ஈமான் கொண்ட ஒரு நபியை அல்லவா! தூதர்களுக்கிடையே வேற்றுமை பாராட்டமாட்டோம் என்பது நம் கொள்கை (2:285). இப்ராஹீம் (அலை) அவர்களிடமும் அழகிய முன்மாதிரி இருப்பதாகக் குர்ஆன் கூறுகிறது (60:4). கிறிஸ்தவர்களுக்கும் இயேசு பின்பற்ற வேண்டியவர்தான். அவர் சீடர்களின் கால்களைக் கழுவியதைப் பெரிய வியாழனன்று தேவாலயங்களில் இன்றும் செய்து நினைவுகூர்கிறார்கள்.

மக்காவின் கொடுமை தாங்காமல் அபிசீனியா சென்ற ஸஹாபாக்களை அரசர் நஜ்ஜாஷி விசாரித்தபோது, ஜஅஃபர் (ரலி) ஓதிக்காட்டியது சூரா மர்யமின் வசனங்களை. அரசர் அழுதார். மறுநாள் ஈஸா (அலை) பற்றி நேரடியாகக் கேட்கப்பட்டது. அடைக்கலம் பறிபோகலாம் என்று தெரிந்தும், “அல்லாஹ்வின் அடியார், அவனுடைய தூதர்” என்றே ஜஅஃபர் (ரலி) பதில் சொன்னார்கள். அடைக்கலம் நீடித்தது.