மேனுவல் போய்விட்டது, பணம் வரவில்லை

திருச்செங்கோட்டில் செய்த போர்வெல் ரிக் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறும்போது கூடவே ஒரு மேனுவலும் போகிறது. ஹைட்ராலிக் அழுத்தம் எவ்வளவு வைப்பது, ஆயில் எப்போது மாற்றுவது, எந்த உதிரிபாகத்துக்கு எந்த எண் என்று பக்கம் பக்கமாக இருக்கும். அதை எழுதியவர் பல நேரம் அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்குபவர் அல்ல. சேலத்திலோ ராசிபுரத்திலோ வீட்டிலிருந்தபடி எழுதிக் கொடுக்கும் இன்ஜினியரிங் பட்டதாரி. நாமக்கல் கோழித்தீவன ஆலை இயந்திரம், ஜவ்வரிசி ஆலை உலர்த்தி, பெங்களூருக்காரர்களின் மென்பொருள் என்று இந்தப் பக்கத்தில் அவர்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. வேலை முடிந்த பிறகு பணம் வருவதில்தான் குறை.

ஒப்பந்தம் எங்கே என்று கேட்டால் போனை நீட்டுகிறார்கள். "ஓகே, ஸ்டார்ட் பண்ணிடுங்க" என்று ஒரு வாட்ஸ்அப் வரி இருக்கும். பணம் நின்றதும் தொழிலாளர் அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். நீங்கள் ஊழியர் இல்லையே என்று அங்கே திருப்பி அனுப்புகிறார்கள். காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்கிறார்கள். இரண்டு பதிலிலும் தவறில்லை. சரியான கதவு எது என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை, அதுதான் எரிச்சல்.

வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், 1872 ஒப்பந்தச் சட்டம் அதைத் தள்ளுவதில்லை. ஆனால் எத்தனை பக்கம், எத்தனை திருத்தம், என்ன விலை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். ஆகவே காகிதம் வேண்டும். பழைய பழக்கத்தில் 20 ரூபாய் பத்திரம் வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் சாதாரண ஒப்பந்தத்துக்கான முத்திரைத்தாள் 2024இல் 200 ரூபாயாகிவிட்டது. குறைந்த தாளில் எழுதியதை, மீதியும் அபராதமும் கட்டும்வரை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது.

அதில் முதலில் எழுத வேண்டியது பதிப்புரிமை. அதையே கடைசியில்கூட யாரும் எழுதுவதில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, சம்பள ஊழியர் தன் வேலையாக எழுதியது முதலாளிக்குச் சொந்தம். வெளியாளாக எழுதிக் கொடுத்தது எழுதியவருக்கே சொந்தம். காசு கொடுத்துவிட்டதால் மட்டும் அது கம்பெனிக்கு மாறாது. மாற்றுவதற்கு 19ஆம் பிரிவின்படி எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த நாடுகள் என்பதும் அதில் இருக்க வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு. இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். ஆப்பிரிக்காவுக்கு ரிக் அனுப்பும் முதலாளி இந்தக் கடைசி வரியை இரண்டு முறை படிக்கட்டும். எழுதுபவர் சேர்க்க வேண்டிய வரி இது: முழுத் தொகையும் கணக்கில் ஏறிய நாளில்தான் உரிமை மாறும்.

அடுத்தது பொறுப்பு. இணையத்தில் எங்கிருந்தோ இறக்கிய ஒப்பந்தங்களில், மேனுவலால் வரும் எந்த இழப்புக்கும் எழுதியவரே ஈடு கட்டுவார் என்று ஒரு பத்தி இருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்ற எண்ணை இன்ஜினியர் தவறாகக் கொடுத்து, எங்கோ ஓர் ஆபரேட்டர் கை நசுங்கினால், 40,000 ரூபாய்க்கு எழுதியவர் மீது கோடி ரூபாய்க் கணக்கு வரலாம். உங்கள் பொறுப்பு வாங்கிய கட்டணத்தைத் தாண்டாது என்று எழுதுங்கள். தொழில்நுட்ப எண்களைக் கம்பெனி இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே இறுதிப் பிரதி என்றும் எழுதுங்கள். அந்தக் கையெழுத்துப் பக்கத்தைத் தொலைக்காதீர்கள்.

கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தாளில் சுயேச்சை ஒப்பந்ததாரர் என்று போட்டுவிட்டு, காலை ஒன்பதுக்கு வா, விரல் ரேகை வை, லீவுக்கு அனுமதி கேள் என்றால் அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது. வேலை எப்படி நடக்க வேண்டும் என்பது யார் கட்டுப்பாட்டில் என்று பார்க்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1956லேயே தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. 2020இல் சுசீலாபென் காந்தி வழக்கில், ஒரே அளவுகோல் போதாது, எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது. எழுதுபவரை ஊழியராகக் கருதி பி.எஃப். நோட்டீஸ் வந்த பிறகு ஆடிட்டரைக் கேட்டுப் பயனில்லை.

எந்த ஊர் நீதிமன்றம் என்பது பத்தோடு பதினொன்றாகத் தெரியும் வரி. சேலத்து ஏ.பி. ஏஜென்சீஸ் நிறுவனம் குஜராத்தின் ஏ.பி.சி. லேமினார்ட் மீது சேலத்தில் வழக்குப் போட்டது. ஒப்பந்தத்திலோ கைரா நீதிமன்ற எல்லை என்று இருந்தது. மற்ற நீதிமன்றங்களை விலக்கும் தெளிவான சொல் இல்லாததால், சேலத்திலும் வழக்கு நடக்கலாம் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஒரு சொல்லுக்காக உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2013இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில் அந்தச் சலுகையும் சுருங்கியது: "மட்டும்" என்ற சொல் இல்லாவிட்டாலும் விலக்கும் எண்ணத்தை ஊகிக்கலாம் என்றார்கள். பெங்களூர் நீதிமன்றம் என்று இருந்தால் அடித்துவிட்டுச் சேலம், நாமக்கல் என்று எழுதச் சொல்லுங்கள்.

அவர்கள் மறுத்தால்? அதற்குத்தான் மத்திய அரசின் உத்யம் தொழில் பதிவு. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதுபவர் ஆதாரும் பானும் வைத்துக்கொண்டு, சேவை என்று தேர்ந்தெடுத்து, குறுந்தொழிலாகப் பதியலாம். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளங்கள் போலி அல்லது தரகு. முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா பாருங்கள். பதிவு எண்ணை ஒப்பந்தத்திலும் ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள்.

பதிந்தவருக்கு 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் கை கொடுக்கிறது. கெடு எழுதாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். எழுதினாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. 90 நாள் என்று ஒப்பந்தத்தில் போட்டாலும் செல்லாது. ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். "எம்.டி. இன்னும் பார்க்கலை" என்பது ஆட்சேபணை ஆகாது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி.

வாங்கியவர் தரவில்லையென்றால் மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் இணையத் தளத்தில் ஒர்க் ஆர்டர், பில், ஒப்படைத்த மின்னஞ்சல் மூன்றையும் ஏற்றி மனுப் போடுங்கள். அது குறு, சிறு தொழில்களுக்கான வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். அதே சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி, வாங்கியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும் உங்கள் ஊர் எல்லைக்குரிய கவுன்சில்தான் விசாரிக்கும். பெங்களூர் நீதிமன்றம் என்ற வரி இங்கே உங்களைத் தடுக்காது. எந்தக் கவுன்சில் என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். அங்கே கடன் திட்டத் துண்டறிக்கைதான் நீட்டுவார்கள். விடாமல், 18ஆம் பிரிவு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். உத்தரவை எதிர்த்து வாங்கியவர் நீதிமன்றம் போனால் முதலில் 75 சதவீதத் தொகையைக் கட்ட வேண்டும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கெடுவை நம்பி வீட்டு வாடகைக்குக் கணக்குப் போடாதீர்கள்.

மறுபடியும் சொல்கிறேன்: பதிவு முதலில், வேலை பிறகு. பணம் நின்றபின் பதிந்து பழைய பில்லுக்கு இந்தப் பலனைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் சொல்லிவிட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளர் மீதும் இந்தக் கவுன்சிலுக்கு அதிகாரமில்லை. அவரிடம் முன்பணம் வாங்காமல் ஒரு பக்கமும் அனுப்பாதீர்கள்.

மனுப் போடும் முன் ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள். 45 நாளுக்குள் தராத தொகையைக் கொடுத்து முடிக்கும்வரை கம்பெனி செலவாகக் காட்ட முடியாது என்று 2024 ஏப்ரல் முதல் வருமான வரி விதி இருக்கிறது. ஆடிட்டர்கள் 43பி எச் என்று சொல்லிப் பழகியது. அந்த விதியைக் குறிப்பிட்டு, உத்யம் எண்ணுடன், கணக்குப் பிரிவுக்கும் அனுப்புங்கள். முதலாளி அசையாத இடத்தில் ஆடிட்டர் அசைவார்.

பதியாமல் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சிவில் வழக்கு இருக்கிறது. வேலை முடிந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். அதற்கு முன் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரச மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், வழக்கறிஞர் உதவி இலவசம். தொலைபேசி எண் 15100. வாட்ஸ்அப் பேச்சை வெறும் ஸ்கிரீன்ஷாட்டாகக் கொண்டுபோகாதீர்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். போனை மாற்றும்போது அந்தப் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாமல் வைத்திருங்கள்.