பொய்லரில் எழுத்து மின்னுகிறதா? மூடியைக் கழற்றாதீர்கள்

குளிர்காலத்தின் முதல் கடுங்குளிர் விழுந்ததும் லண்டன் தமிழரின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கும். பொய்லரின் சின்னத் திரையில் எஃப் 28 என்றோ ஈஏ என்றோ ஏதோ மின்னிக்கொண்டிருக்கும். கீழே, “ஆருக்காவது இது என்னெண்டு தெரியுமோ?” என்று ஒரு கேள்வி. பதில்களுக்குப் பஞ்சமில்லை. ரீசெற்றை அமத்திப் பாருங்கோ என்பார் ஒருவர். மூடியைக் கழற்றித் தூசி தட்டினால் சரிவரும் என்பார் இன்னொருவர். எனக்குத் தெரிந்த பெடியன் ஒருவன் இருக்கிறான், மலிவாகச் செய்வான் என்று மூன்றாமவர் ஓர் இலக்கம் தருவார். முதல் பதில் அரைகுறை. மற்ற இரண்டும் வீட்டில் தூங்கும் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைப்பவை.

அந்த எழுத்து எதைச் சொல்கிறது என்று முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் பொய்லர் பழுதாகி வெடிக்கப் போகிறது என்று அர்த்தமில்லை. தொடர்ந்து எரிவது பாதுகாப்பில்லை என்று கண்டு, காஸ் வரும் வால்வைத் தானே மூடி நின்றுவிட்டது என்றுதான் அர்த்தம். பற்றவைக்க முயன்றும் சுவாலை தெரியாவிட்டால் நிற்கும். தண்ணீர் அழுத்தம் குறைந்தால் நிற்கும். சூடு எல்லை மீறினால் நிற்கும். எந்த உறுப்பு கெட்டது என்பதை எழுத்து பெரும்பாலும் சொல்லாது, எந்த இடத்தில் வேலை தடைப்பட்டது என்பதைத்தான் சொல்லும். கம்பனிக்குக் கம்பனி குறியும் மாறும். தண்ணீர் அழுத்தம் குறைந்தால் வேலன்ட் எஃப் 22 என்று காட்டும், ஐடியல் எஃப் 1 என்று காட்டும், பக்ஸி ஈ 119 என்று காட்டும். பற்றவில்லை என்பதை வேலன்ட் எஃப் 28 என்றும், ஐடியல் எல் 2 என்றும், வூஸ்டர் பொஷ் ஈஏ என்றும், பக்ஸி ஈ 133 என்றும் சொல்லும். ஆகவே பக்கத்து வீட்டு அண்ணையின் பொய்லருக்குச் சரிவந்த வைத்தியம் உங்கள் பொய்லருக்குப் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். பொய்லரின் அடியிலோ முன்கதவின் உட்புறத்திலோ மொடல் பெயர் ஒட்டியிருக்கும். அதைக் கம்பனியின் இணையத்தளத்தில் தேடினால் கையேடு இலவசமாகக் கிடைக்கும்.

மூடியைத் தொடாமல் நீங்களே பார்க்கக்கூடியவை மூன்றே மூன்று.

ஒன்று, தண்ணீர் அழுத்தம். பொய்லர் ஆறியிருக்கும்போது மானியின் ஊசி 1 பார் முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். அதற்குக் கீழே கிடந்தால், பல பொய்லர்களின் அடியில் வெள்ளி நிறத்தில் பின்னிய சிறு குழாய் ஒன்று இருக்கும். அதன் இரு முனைகளிலும் உள்ள வால்வுகளை மெதுவாகத் திறந்து, ஊசி 1.2 தாண்டியதும் இரண்டையும் இறுக மூட வேண்டும். சில மொடல்களில் இதற்குச் சாவியோ கைப்பிடியோ இருக்கும், கையேட்டைப் பாருங்கள். வால்வை மூட மறப்பவர்கள் நிறையப் பேர். அழுத்தம் ஏறி 3 பாரைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் செப்புக் குழாயால் தண்ணீர் கொட்டும். ஒருமுறை திறந்த வால்வு பிறகு சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருக்கவும் கூடும். இன்னொரு வகையினர் கிழமைக்கொரு தடவை தண்ணீர் ஏற்றிவிட்டு எல்லாம் சரி என்று இருந்துவிடுவார்கள். அப்படி ஏற்ற வேண்டியிருக்கிறது என்றாலே எங்கோ ஒழுகுகிறது, அல்லது உள்ளே விரிவுக்கலம் கெட்டுவிட்டது. புதுத் தண்ணீர் போகப் போக றேடியேற்றர்களுக்குள் கறள் கூடும். வருடத்தில் ஓரிரு தடவைக்கு மேல் ஏற்ற நேர்ந்தால் எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

இரண்டு, காஸ் வருகிறதா என்பது. இதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. முற்பணம் போடும் மீற்றரில் காசு தீர்ந்திருந்தாலும் பொய்லர் “பற்றவில்லை” என்ற குறியைத்தான் காட்டும். காஸ் அடுப்பு எரிகிறதா, மீற்றரில் மீதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எஞ்சினியரைக் கூப்பிடுங்கள். காசு தீர்ந்த மீற்றரைப் பார்ப்பதற்காக வந்துபோகும் எஞ்சினியருக்கும் கட்டணம் கொடுத்தேயாக வேண்டும்.

மூன்று, உறைபனி. இங்கிலாந்தில் 2005 ஏப்ரலுக்குப் பின் பொருத்தப்பட்ட பொய்லர்கள் ஏறக்குறைய எல்லாமே புகையின் ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியேற்றும் வகை. அந்தத் தண்ணீர் போகும் பிளாஸ்டிக் குழாய் வெளிச்சுவரால் இறங்கினால், உறைபனி நாளில் உள்ளே ஐஸ் பிடித்து அடைத்துவிடும். பொய்லர் ‘களக் களக்’ என்று சத்தமிட்டு நின்றுவிடும். குழாய் தரையிலிருந்தே எட்டும் உயரத்தில் இருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீர் ஊற்றியோ சுடுநீர்ப் பையை ஒத்தியோ இளக்கலாம். கொதிநீர் வேண்டாம், குழாய் வெடிக்கும். பனியில் ஏணி வைத்து ஏறவும் வேண்டாம்.

இவற்றைச் சரிபார்த்த பின் கையேடு சொல்லும் முறைப்படி ரீசெற் செய்யுங்கள். ஒருமுறை. மிஞ்சினால் இரண்டு முறை. அதற்கு மேலும் அதே குறி வந்தால் ரீசெற் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். “பத்துத் தடவை அமத்தினால் ஒரு தடவை பத்தும்” என்று சொல்லி ஒரு குளிர்காலம் முழுவதையும் ஓட்டிய வீடுகள் உண்டு. பாதுகாப்புக்காக நின்ற பொய்லரை மீண்டும் மீண்டும் பற்றவைக்கச் சொல்லி வற்புறுத்துவதற்குப் பெயர் சிக்கனம் இல்லை.

மூடி விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான பொய்லர்களில் அந்த மூடி வெறும் அலங்காரம் இல்லை. எரியும் அறையை வீட்டுக் காற்றிலிருந்து பிரித்து அடைத்து வைத்திருப்பது அதுதான். அதன் அடைப்பு நாடா சிறிது விலகினாலும் காபன் மொனொக்சைட்டு அறைக்குள் கசியக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. 1998ஆம் ஆண்டின் காஸ் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, தகுதியில்லாதவர் காஸ் வேலை செய்வது குற்றம். நட்புக்காகச் செய்தாலும் குற்றம்தான். கூலிக்குச் செய்பவர் ‘காஸ் சேஃப் ரெஜிஸ்டர்’ பதிவில் இருந்தே ஆக வேண்டும். 2009 ஏப்ரல் 1 முதல் கோர்கி என்ற பழைய பதிவுக்குப் பதிலாக நடைமுறையில் இருப்பது இந்தப் பதிவுதான். வான் வண்டியில் இன்னும் கோர்கி என்று எழுதியிருப்பவரை நம்பிப் பொய்லரைக் கொடுக்காதீர்கள்.

வருபவரிடம் அட்டையைக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம், முறையான எஞ்சினியர் கோபிக்க மாட்டார். முன்பக்கத்தில் படம், அனுமதி இலக்கம், காலாவதித் தேதி. அதோடு நிறுத்திவிடாமல் அட்டையைத் திருப்புங்கள். எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்று பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அடுப்பு பொருத்த மட்டும் தகுதி பெற்றவர் பொய்லரைத் தொடக் கூடாது. அந்த இலக்கத்தைக் காஸ் சேஃப் இணையத்தளத்திலோ 0800 408 5500 என்ற தொலைபேசியிலோ நீங்களே சரிபார்க்கலாம். “எங்கட ஆள்தானே, அட்டை என்னத்துக்கு” என்ற பேச்சு வேண்டாம். எங்கள் ஆளென்றால் அட்டையைக் காட்டுவதில் அவருக்கு என்ன தடை?

எஞ்சினியருக்காகக் காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. காஸ் மணந்தாலோ காபன் மொனொக்சைட்டு அலாரம் விடாமல் அடித்தாலோ அழைக்க வேண்டிய இலக்கம் 0800 111 999. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், அழைப்பு இலவசம். வட அயர்லாந்தில் இருப்பவர்களுக்கு 0800 002 001. யன்னல் கதவுகளைத் திறவுங்கள். மின்சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். மீற்றர் அருகிலுள்ள கைப்பிடியைக் குழாய்க்குக் குறுக்காகத் திருப்பினால் காஸ் நிற்கும். மீற்றர் நிலவறையில் இருந்து அங்கே மணந்தால் இறங்க வேண்டாம். வெளியே வந்துதான் தொலைபேசி. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, மூச்சுத் திணறல், காரணமில்லாக் களைப்பு வீட்டில் பலருக்கும் சேர்ந்து வந்து, வெளியே போனால் குறைகிறதா? அதைத் தடிமன் காய்ச்சல் என்று தள்ளாதீர்கள். பொய்லரை நிறுத்தி வெளியேறி அதே இலக்கத்தை அழையுங்கள்: 0800 111 999. ஒருவர் மயங்கினால் 999.

அவசர சேவைக்காரர் ஆபத்தை நிறுத்திவிட்டுப் போவார், பொய்லரைத் திருத்தித் தரமாட்டார். “உடனடி ஆபத்து” என்று சிவப்பு அறிவித்தல் ஒட்டினால், குளிர் தாங்கவில்லை என்று அவர் போன பிறகு திரும்பத் திறந்துவிடாதீர்கள். ஆபத்தென்று தெரிந்தும் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். குளிருக்காகக் கரியடுப்பையோ பார்பிக்யூவையோ வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அணைந்தது போலத் தெரியும் கரியும் காபன் மொனொக்சைட்டைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அதிக அலைச்சல். ஏஜென்சிக்குப் பத்துத் தடவை தொலைபேசி எடுத்திருப்பார்கள். கையில் ஒரு துண்டு எழுத்து இருக்காது. “வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறோம்” என்ற ஒரே பதிலைச் சொல்லி ஏஜென்சிகள் வாரக்கணக்கில் இழுத்தடிப்பது எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது. தொலைபேசியோடு நிற்காமல் மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்தத் தேதியிலிருந்து சூடில்லை, திரையில் என்ன குறி, அதன் படம், அறையின் வெப்பநிலை, வீட்டில் உள்ள குழந்தை, முதியவர், நோயாளி எல்லாவற்றையும் எழுதுங்கள். இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் வீட்டுக்காரர், குடியிருப்போர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, சூடாக்கும் வசதியையும் சுடுநீரையும் இயங்கும் நிலையில் வைத்திருப்பதை வீட்டுக்காரரின் கடமையாக்குகிறது. உங்கள் மின்னஞ்சலில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். அசையாவிட்டால் உங்கள் கவுன்சிலின் தனியார் வாடகை வீட்டுப் பிரிவுக்கோ சுற்றாடல் சுகாதாரப் பிரிவுக்கோ அந்த மின்னஞ்சல்களின் நகலோடு முறையிடுங்கள். கடுங்குளிர் அவர்கள் மதிப்பிட வேண்டிய ஆபத்துகளில் ஒன்று. கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பாக்கிக்காரர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். வழக்கு உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

காஸ் பாதுகாப்புச் சான்றிதழ் வேறு விஷயம். 12 மாதங்களுக்கு ஒருமுறை பதிவுபெற்ற எஞ்சினியரைக் கொண்டு சோதித்து, 28 நாட்களுக்குள் அதன் பிரதியை வீட்டுக்காரர் உங்களிடம் தர வேண்டும். புதிதாகக் குடிவருபவருக்கு வருமுன்பே தர வேண்டும். கேட்டும் தராவிட்டால் எச்எஸ்ஈ எனப்படும் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையத்தளத்தில் ‘எல்ஜிஎஸ்ஆர் 1’ என்ற படிவம் இருக்கிறது. அதை நிரப்பி அனுப்புங்கள். இந்தச் சான்றிதழ் இருந்தாலே பொய்லர் சேர்விஸ் செய்தாயிற்று என்று எண்ண வேண்டாம். சோதனை வேறு, சேர்விஸ் வேறு. இங்கிலாந்தில் 2022 ஒக்டோபர் 1 முதல், பொய்லர் இருக்கும் வாழும் அறையில் காபன் மொனொக்சைட்டு அலாரம் வைப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பு.

இங்கிலாந்தில் கவுன்சில் வீட்டின் நிரந்தரக் குடியிருப்பாளர் என்றால் இன்னும் பிடிமானம் உண்டு. பழுதுபார்ப்பு உரிமை விதிகளின் கீழ் வரும் சிறு பழுதுகளில், ஒக்டோபர் 31க்கும் மே 1க்கும் இடையே சூடு நின்றுபோனால் ஒரு வேலை நாளுக்குள் திருத்த வேண்டும். மற்ற மாதங்களில் மூன்று வேலை நாட்கள். முறையிடும்போது முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். இலக்கம் இல்லாத முறைப்பாட்டை அவர்கள் முறைப்பாடாகவே கணக்கெடுக்க மாட்டார்கள்.

சொந்த வீட்டுக்காரர்கள் புதுப் பொய்லர் போட்டால், எஞ்சினியர் 30 நாட்களுக்குள் காஸ் சேஃபுக்கு அறிவிக்க வேண்டும். அதன்பின் கட்டட விதிச் சான்றிதழ் தபாலில் வரும். வராவிட்டால் விட்டுவிடாதீர்கள், வீட்டை விற்கும் நாளில் சட்டத்தரணி அதைத்தான் முதலில் கேட்பார். வருடச் சேர்விஸ் தவறினால் கம்பனியின் உத்தரவாதமும் போகும். வருமானம் சார்ந்த உதவித்தொகை பெறும் சொந்த வீட்டுக்காரரில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு இருப்பவர், ஓய்வூதிய வயதைத் தாண்டித் தனியே வாழ்பவர் போன்றோர் காஸ் கம்பனியிடம் வருடத்துக்கொருமுறை இலவசச் சோதனை கேட்கலாம். கட்டணச் சீட்டிலுள்ள இலக்கத்தை அழைத்து, ‘பிரையோரிட்டி சேர்விசஸ் ரெஜிஸ்டர்’ எனும் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் பெயர் பதியச் சொல்லி, அதே அழைப்பில் இந்தச் சோதனையையும் கேளுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் பெற்றோர் என்றால், பிள்ளைகள் பக்கத்தில் இருந்து இந்த வாரமே அதைச் செய்து கொடுங்கள்.