சூரியன் உதிக்கும் திசை எல்லா நாளும் கிழக்கா?

சூரியன் மிகச்சரியாகக் கிழக்கில் உதிப்பது ஆண்டுக்கு இரண்டே முறை. மார்ச் 20 அல்லது 21-இல் ஒரு முறை, செப்டம்பர் 22 அல்லது 23-இல் இன்னொரு முறை. மற்ற நாட்களில் அது வடக்கே தள்ளியோ தெற்கே தள்ளியோதான் எழுகிறது. சென்னை மெரினாவில் நின்றால், ஜூன் 21 வாக்கில் நேர்கிழக்கிலிருந்து வடக்கே சுமார் 24 டிகிரி, டிசம்பர் 22 வாக்கில் தெற்கே அதே 24 டிகிரி. நீட்டிய கையில் மடக்கிய முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. ஆகவே இரு எல்லைகளுக்கும் நடுவே ஐந்து முஷ்டி அளவு தூரம் இருக்கிறது.

பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதுதான் காரணம். இந்த நகர்வு ஒரே வேகத்தில் நடப்பதில்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களில் உதயப் புள்ளி நாளொன்றுக்குச் சூரிய வட்டத்தின் அகலத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு நகர்கிறது. பங்குனியில் மூலவர் மீது கதிர் விழும் கோயில்களில் அந்தக் காட்சி சில நாட்களிலேயே முடிந்துவிடுவது இதனால்தான். ஜூன், டிசம்பர் கடைசியிலோ பத்து நாள் பார்த்தாலும் நகர்ந்ததே தெரியாது.

வடக்கு நோக்கிய திருப்பம் டிசம்பர் 21 அல்லது 22-இலேயே நிகழ்ந்துவிடுகிறது. உத்தராயணம் எனப்படும் இந்தத் திருப்பம் தை முதல் நாளோடு பொருந்தியிருந்தது சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு. பூமியின் அச்சே மெல்லச் சுழல்வதால் இடைவெளி விழுந்துவிட்டது. இன்று பொங்கலன்று பார்த்தால் உதயப் புள்ளி ஏற்கெனவே வடக்கே இரண்டு டிகிரி வந்திருக்கும்.

ஊர் மாறினால் கணக்கும் மாறும். சிங்கப்பூரில் இருபுறமும் 23.4 டிகிரிதான். டெல்லியில் 27, லண்டனில் சுமார் 40, ஆஸ்லோவில் 50-க்கும் மேல். நிலநடுக்கோட்டில் சூரியன் செங்குத்தாக ஏறுகிறது; வடக்கே போகப்போக அதன் பாதை சாய்கிறது. துணியை நேராக வெட்டினால் வெட்டின் நீளம் துணியின் அகலம்தான். சாய்த்து வெட்டினால் கூடிவிடும். வானில் சூரியன் உலவும் பட்டையின் அகலம் எங்கும் 47 டிகிரிதான். அதைத் தொடுவானம் எவ்வளவு சாய்வாக வெட்டுகிறதோ அவ்வளவுக்கு உதயப் புள்ளிகள் விலகுகின்றன. நார்வேயின் திரோம்சோவில் மே பிற்பகுதி முதல் ஜூலை பிற்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. அப்போது உதயத் திசை என்ற பேச்சுக்கே இடமில்லை.

மார்கழிக் காலையில் சூரியனைப் பார்த்துக் கிழக்கைக் குறித்து வீட்டுக்குக் கயிறு பிடித்தால், சுவர் 24 டிகிரி பிசகிப் போகும். நம் சிற்பிகள் அப்படிக் குறிக்கவில்லை என்பது எனக்குப் பெரிய வியப்பு. மயமதம், மானசாரம் போன்ற சிற்ப நூல்கள் சொல்வது சங்கு முறை. சமதரையில் சங்கு எனப்படும் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைய வேண்டும். காலையில் நிழலின் நுனி குறுகி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. பிற்பகலில் நீண்டு மறுபடி தொடும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்க்கும் கோடு கிழக்கு மேற்காக ஓடும், எந்த மாதமானாலும்.