சிப்பியும் சித்திரமும்

மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாயில் உறவினர் இல்லமொன்றில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். ஒருநாள் மாலை கடற்கரை மணலில் அமர்ந்திருந்தபோது, அவ்வீட்டுச் சிறுமி முத்துச்சிப்பியின் ஓடொன்றை என் கையிற் கொடுத்தாள். சிலாவத்துறைப் பக்கத்திலிருந்து எவரோ கொண்டுவந்தது. புறத்தே கரடுமுரடாய்ச் சேற்று நிறம் பூண்டிருந்த அவ்வோடு, அகத்தே சாய்வெயில் பட்டதும் பச்சையும் இளஞ்சிவப்புமாய் மின்னிற்று.

"இதற்குள் முத்து எவ்வாறு உண்டாகிறது? சொல் பார்ப்போம்" என்றேன்.

அவள் வாயாற் சொல்லவில்லை. விரலால் மணலிற் கீறினாள். முதலில் வாய்பிளந்த சிப்பி. அதனுள் ஒரு புள்ளி. அடுத்து ஓர் அம்புக்குறி. அதற்கப்பால் உருண்டையான முத்து.

"மணல் உள்ளுக்குப் போனால் முத்தாய் வரும், மாமா. புத்தகத்திலும் இப்படித்தான் கீறியிருக்கு" என்றாள்.

அந்த அம்புக்குறியைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

விஞ்ஞானத்தை விளக்கச் சித்திரம் வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இலர். எத்தகைய சித்திரம் என்பதே வினா. நம் முன்னோர் மனத்திலும் முத்தின் பிறப்பைப் பற்றி ஒரு சித்திரம் இருந்தது. வானின்று மழைத்துளி விழ, சிப்பி மேலெழுந்து வாய்திறந்து அதனை ஏந்த, அத்துளியே உறைந்து முத்தாயிற்று என்றனர். உண்மைக்குப் பொருந்தாத கூற்றே. ஆயினும் கேட்ட மாத்திரத்திற் கண்முன் வந்து நிற்பது. அது நெடுங்காலம் வாழ்ந்ததற்கு அவ்வழகே காரணமாதல் வேண்டும். பின்னர் மணற் கதை வந்து மழைத்துளியின் இடத்திற் புகுந்துகொண்டது. அதுவும் எளிதிற் கீறத்தக்கதன்றோ! கடலடியில் வாழும் சிப்பிக்கு மணல் புதிய விருந்தாளியன்று. உட்புகும் துகளை வெளியே தள்ளும் வழியை அது நன்கறியும். இயற்கை முத்தை அறுத்து நோக்கினால் நடுவே மணலைக் காண்பது மிக அரிது.

இக்கடலின் சிப்பிகளை முறையாக ஆராய்ந்து படங்களுடன் நூலாக்கியவர் லிவர்ப்பூல் நகரப் பேராசிரியர் வில்லியம் ஏர்ட்மன். 1891க்குப் பின் ஆண்டுகள் பல கடந்தும் முத்துக்குளிப்பு நடைபெறாது போகவே, அதன் காரணத்தை அறியும் பொருட்டு அவர் 1902இல் இலங்கைக்கு வந்தார். ஜேம்ஸ் ஹோர்ணல் அவருக்குத் துணையாய் நின்றார். அவர்தம் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக இலண்டன் றோயல் சங்கத்தின் வெளியீடாக வந்தது. மன்னார் வளைகுடாவின் உயிரினங்களைக் காட்டும் அதன் படங்கள் நேர்த்தியானவை. அவற்றை விஞ்ஞானம் என்பதா, கலை என்பதா என்று ஐயுறத் தோன்றும்.

ஒருவகை நாடாப்புழுவின் குடம்பி சிப்பியினுட் புகுந்து மடிவதே நல்முத்துக்குக் கருவாகிறது என்பது ஏர்ட்மன் கொண்ட முடிபு. அப்புழு திருக்கை மீனின் உடலிற் சென்று முதிர்ச்சி எய்தும் என்றும் அவர் கருதினார். ஆனால் 1912இல் லிஸ்டர் ஜேம்சன் என்னும் ஆய்வாளர் அம்முடிபை மறுத்தார். ஏர்ட்மன் கண்டவை பொய்யல்ல. புழுவும் உண்டு, முத்தும் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்ற, கண்ணுக்குப் புலப்படாத அம்புக்குறியே நிலைக்கவில்லை.

இன்று நாம் அறிவது வேறு. சிப்பியின் ஓட்டை உட்புறமாக ஒட்டி, போர்வை போன்ற மெல்லிய சதைமடிப்பு ஒன்று உண்டு. ஓட்டைச் சுரந்து வளர்ப்பன அதன் வெளிப்புறக் கலங்களே. காயத்தாலோ, துளைத்துப் புகும் உயிரினத்தாலோ அக்கலங்களுட் சில இடம்பெயர்ந்து உட்சதையிற் பதிந்துவிடின், அவை பெருகி ஒரு சிறு பையாகின்றன. தம் பழைய தொழிலை அவை மறப்பதில்லை. ஓடு சுரந்தவாறே பையினுள்ளும் சுரக்கின்றன. வெளியே தட்டையாய்ப் படிவது, பைக்குள் உருண்டையாய்ப் படிகிறது. முத்தென்பது உள்முகமாய்த் திரும்பிய ஓடு என்றே கூறிவிடலாம். சுண்ணாம்புப் பொருளின் நுண்தகடுகள் அடுக்கடுக்காய்ப் படிகின்றன. ஒரு மில்லிமீற்றரை இரண்டாயிரம் கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே ஒரு தகட்டின் தடிப்பு. அவ்வடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதே நாம் வியக்கும் நீரோட்டம்.

கலங்களின் இவ்வியல்பை அறிந்தே யப்பானியர் முத்து வளர்ப்பை ஒரு தொழிலாக்கினர். எதிர்க்கரையிலுள்ள தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த கே. அழகர்சாமி 1973இல் இதே கடலின் சிப்பியில் முத்து விளைவித்தார். உருண்டை மணியொன்றுடன் மற்றொரு சிப்பியின் போர்வைத் துணுக்கையும் சேர்த்து வைப்பதே முறை. மணி மட்டும் போதாது. அத்துணுக்கு இன்றேல் முத்தும் இல்லை.

இதனை மாணவனுக்கு எவ்வாறு காட்டுவது? மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த வைத்தியர் கிறீன், கிரேயின் உடற்கூற்று நூலை 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழிலே தந்தார். 1858இல் வெளிவந்த அம்மூல நூலுக்குப் படம் வரைந்தவர் காட்டர். எலும்பின் பெயரை எலும்பின் மேலேயே எழுதிவிட்டார் அவர். மாணவன் எழுத்தடையாளத்தை வேறிடத்திற் தேடி அலையவேண்டுவதில்லை. எலும்பு நின்ற நிலையில் நிற்பது. அதற்கு அசையாப் படமே போதும். முத்தோ காலத்தில் விளைவது. அசையாப் படத்தில் இரு நிலைகளுக்கு இடைப்பட்டதையெல்லாம் அம்புக்குறி விழுங்கிவிடுகிறது; வரைந்தவர் அறியாததும் அதனுள்ளேயே ஒளிந்துகொள்கிறது. அசையும் படத்தில் இடைநிலை ஒவ்வொன்றையும் ஒருவர் கையால் வரைந்தாக வேண்டும். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. கணினி இன்று இடைப்படங்களைத் தானே நிரப்பித் தருவது பெரும் வசதிதான். எனினும் அவ்வழியே பழைய அம்புக்குறி வேடமிட்டுத் திரும்பிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

மறுநாட் காலை பழைய கொப்பி ஒன்றை எடுத்து, 24 தாள்களின் ஓரத்தில் முத்து வளர்வதை வரையுமாறு சிறுமியிடம் கூறினேன். விரலால் தாள்களை விரைந்து புரட்டினால் படம் அசையும். முதல் ஐந்து தாள்கள் எளிதில் முடிந்தன. மணல் உள்ளே வந்து சேர்ந்தது. ஆறாவதிற் பென்சில் நின்றது.

"மாமா, மணலுக்கு மேல் பூசுவது ஆர்?"

போர்வையைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அவள் அத்தாள்களைக் கிழித்தெறிந்துவிட்டு மறுபடி தொடங்கினாள். ஓடு, போர்வை, கலங்களின் வரிசை. மீண்டும் நின்றாள்.

"இந்தக் கலம் உள்ளுக்கு எப்படி விழுந்தது?"

"சிலவேளை காயத்தால், சிலவேளை ஏதேனும் துளைத்ததால். ஒரு முத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு இதுதான் காரணம் என்று சொல்வது பெரும்பாலும் இயலாது."

சிறிது யோசித்து, இரண்டு தாள்களை வெறுமையாய் விட்டுவிட்டு மேலே வரைந்தாள். அக்கொப்பி இப்போது என்னிடமிருக்கிறது. புரட்டும்போது போர்வை தெரிகிறது. ஓர் இமைப்பொழுது வெள்ளைத்தாள் பளிச்சிடுகிறது. பின்னர் சிறு பையொன்று தோன்றி, அதனுள் முத்து பருத்துக்கொண்டே போகிறது.