சிராங்கூன் சாலையில் அகத்தியர்

வெறுங்கண் வானம் – 9

சிராங்கூன் சாலைப் பக்கம் நட்சத்திரம் பார்க்கலாம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. 2016-ல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தில், இரவு வானம் மிக மோசமாக வெளிறிப்போன நாடு சிங்கப்பூர்தான். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழகவே முடியாத வெளிச்சத்தில் இங்கே அத்தனை பேரும் வாழ்கிறோம். தீபாவளிக்குச் சாலை நெடுக அலங்கார விளக்கு போட்டபின் கேட்கவே வேண்டாம். அமாவாசையை ஒட்டிய இரவு என்பதே மறந்துபோகும்.

பால்வெளியை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு அது தேவையுமில்லை என்பது என் கட்சி. கும்மிருட்டில் ஆயிரக்கணக்கில் விண்மீன்கள் கொட்டிக் கிடக்கும்போது எது எது என்றே பிடிபடாது. நகரத்து வெளிச்சம் மங்கலானவற்றை எல்லாம் துடைத்துவிட்டு, முதலில் அறிமுகமாக வேண்டியவர்களை மட்டும் மிச்சம் வைக்கிறது. அவர்களுடைய பெயர்களும் நமக்குப் புதிதல்ல. திருவாதிரை, ரோகிணி, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை: கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்காக ஆளுக்கொரு நட்சத்திரம் சொல்கிறோமே, அதை வானத்தில் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நான் இங்கே சொன்ன ஆறும், அதனதன் பருவத்தில், வீவக புளோக்கை ஒட்டிய பல மாடிக் கார் நிறுத்தத்தின் மொட்டைத் தளத்திலிருந்தே வெறுங்கண்ணுக்குத் தெரியும். விளக்குக் கம்பங்கள் எல்லாம் கீழே நின்றுவிடும் என்பதால் அந்த மேல்தளத்தைத்தான் எப்போதும் சிபாரிசு செய்வேன்.

பிப்ரவரி நடுவில் ஏறிப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை அடங்கி, வானம் கொஞ்சம் வழிவிடும் மாதம் அது. இரவு ஒன்பது மணிக்கு உச்சந்தலைக்கு நேர்மேலே ஒரே வரிசையில் மூன்று விண்மீன்கள் நிற்கும். ஓரியன் என்ற வேட்டைக்காரனின் இடுப்புக் கச்சை. சற்று வடக்கே சிவப்பாகத் தெரிவது திருவாதிரை. அரைமணி நேரம் கழித்து நேர் தெற்கே திரும்பினால் வெள்ளையாக, நிதானமாக ஒன்று நிற்கும். அதுதான் அகத்தியர், வானியலில் கனோபஸ். இரவு வானத்து விண்மீன்களில் சிரியஸுக்கு அடுத்தபடி பிரகாசமானது.

அகத்தியரை வைத்துச் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. தொடுவானத்திலிருந்து முஷ்டிமேல் முஷ்டியாக அடுக்கிக்கொண்டு போங்கள். இங்கே மூன்றரை முஷ்டிக்கு மேல் வரும். அன்றைக்கே சென்னையில் இருக்கும் தம்பியையோ மச்சானையோ இரவு எட்டே முக்கால் வாக்கில் தெற்கே பார்த்து அளக்கச் சொல்லுங்கள். இரண்டரைக்குள்தான் வரும். டெல்லியில் அளந்தால் ஒன்றைக்கூடத் தாண்டாது. தெற்கே போகப் போக அகத்தியர் ஏறிக்கொண்டே இருப்பார். பூமி உருண்டை என்பதற்கு இதைவிடச் சிக்கனமான நிரூபணம் எனக்குத் தெரியாது. ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். இரண்டு ஊருக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட 12 பாகை. பெருக்கினால் சென்னையைவிடச் சிங்கப்பூர் எவ்வளவு தெற்கே இருக்கிறது என்பது வந்துவிடும்: ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். வேலைக்காக இங்கே வந்து, ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கூடும் நம் ஊர்த் தம்பிகள், வீட்டுக்கு எப்படியும் வீடியோவில் பேசுகிறார்கள். ஒரு நாள் இதையும் பேசலாம்.

இரவு வேலை பார்ப்பவருக்குப் பகல் இருக்கிறது. மார்ச் 23, 24 தேதிகளில் பகல் 1 மணி 11 நிமிடத்துக்குத் தண்ணீர்ப் போத்தலை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். சென்னைக்கு இந்த நிழலில்லா நாள் ஏப்ரல் 24 வாக்கில் வரும். நண்பகல் ஏன் ஒரு மணிக்குமேல் என்றால், அது கடிகாரத்தின் வேலை. நமது தீர்க்கரேகைக்குரிய நேரத்தைவிட ஒரு மணி நேரத்துக்குமேல் முந்தி ஓடுகிறோம். கடைசி அரைமணியை 1982 பிறந்த இரவில்தான் கூட்டிக்கொண்டோம்.

சூரியன் என்றதும் 2019 டிசம்பர் 26 ஞாபகம் வருகிறது. அன்றைய வளைய கிரகணத்தின் பாதை கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக வந்து, யாழ்ப்பாணத்தைத் தொட்டு, கடல் தாண்டி சுமத்ராவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. கொங்குநாட்டில் காலை ஒன்பதரைக்குத் தெரிந்த நெருப்பு வளையம், நமக்குப் பிற்பகல் ஒன்றே கால் தாண்டிச் சுமார் இரண்டு நிமிடம் நின்றது. கிரகணக் கண்ணாடி போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லவில்லை, அடுத்த வளையம் இங்கே 2063-ல் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கருவி வழியாகப் பார்க்க ஆசைப்படுபவர் உடனே கடைக்கு ஓட வேண்டாம். ஜூரோங் ஈஸ்ட் அறிவியல் நிலையத்தின் வானாய்வகத்தில் வெள்ளிக்கிழமை இரவுகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். 40 சென்டிமீட்டர் தொலைநோக்கி, கட்டணமில்லை, வரிசை நீளம். மேகம் வந்தால் ஏமாற்றம்தான். கிளம்புமுன் நிகழ்ச்சி உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கே சனிக்கோளின் வளையத்தை ஒருமுறை பார்த்தபின், விளையாட்டுச் சாமான் கடையில் '500 மடங்கு' என்று பெட்டியில் அச்சடித்து விற்கும் தொலைநோக்கியை வாங்க மனம் வராது.

வாங்கியே தீருவேன் என்பவருக்கு 10x50 இருகண்ணோக்கி போதும். பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் வில்லை. கார் நிறுத்தத்தின் தூணில் முதுகைச் சாய்த்து, முழங்கைகளை மார்போடு ஒட்டிப் பிடித்தால் ஆட்டம் குறையும். அப்போது வியாழனின் அருகே ஒரே கோட்டில் பொட்டுப் பொட்டாகச் சில தெரியும். கலிலியோ 1610-ல் கண்ட நான்கு நிலவுகள் அவை. சில இரவுகளில் மூன்றுதான் இருக்கும், ஒன்று கோளுக்குப் பின்னாலோ முன்னாலோ போயிருக்கும். நேரத்தோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் அந்தக் குறிப்புகளை வைத்து, எது எந்த நிலவு என்று கண்டுபிடிப்போம்.